முன்னால் யார் உட்காருவது

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

இந்த வயதிலும் வாலு என்று கூப்பிடாதே என்பாய். இன்றைக்குக் கூப்பிட்டே தீருவேன். உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிக்காதே. வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறார். மெசேஜ் அனுப்பினால் இப்போதெல்லாம் அந்தப் போனே சத்தமாக வாசித்துக் காட்டுகிறது. என்னவோ செட் பண்ணி வைத்திருக்கிறார். இந்த விஷயம் அவர் காதில் விழக்கூடாது. அதனால் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், பட்டறையில் கழற்றிப்போட்ட தையல் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும். ஓட்டப்போவது நான்.

சிரித்து முடித்துவிட்டாயா? இனி கேள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நாள் முழுக்க அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவள் நீ. எந்த வண்டி புதிதாகப் பழகுகிறவளைக் காப்பாற்றும், எது கவிழ்க்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். என்ன மாதிரி வண்டி வாங்கலாம்? ஹெல்மெட்டை எப்படிப் பார்த்து வாங்குவது? கைக்கு, காலுக்கு என்ன போட வேண்டும்? இவ்வளவுதான் கேள்வி.

பதிலைப் பட்டறைக்கு அனுப்பாதே. பக்கத்து நூல் கடை அக்கா பெயருக்கு அனுப்பு. அவளுக்கு வாய் நீளம்தான், ஆனால் உன் அப்பாவிடம் மட்டும் பேச மாட்டாள். பழைய மோட்டார் ஒன்றைச் சரிசெய்து தந்ததில் இருவருக்கும் ஆகாது.

அம்மா

*

பிப்ரவரி 9

அம்மா,

முடியாது. இதுதான் என் பதில். மேலே படிப்பதாக இருந்தால் படி.

இன்று காலை ஒரு வண்டியைப் பார்த்தேன். ஹேண்டில்பார் பெட்ரோல் டேங்குக்குள் புகுந்திருந்தது. ஓட்டியவர் புதிதாகக் கற்றுக்கொண்டவர், லைசென்ஸில் மை காயவில்லை. ஹெல்மெட் இருந்தது, கண்ணாடியில் தொங்கியபடி. இதைப் போட்டோ எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மேஜையில் உன் கடிதம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நீ கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது நான் பள்ளியில் படிக்கும்போது. அன்றைக்கும் காய்கறிக் கடைத் தள்ளுவண்டியில் போய் முட்டினாய். இப்போது உனக்கு என்ன வந்தது? பட்டறை வேலைக்குப் போக வர அப்பா இருக்கிறார். அவர் இல்லாத அன்றைக்கு ஆட்டோ இருக்கிறது. பிடிவாதமாகத்தான் வேண்டும் என்றால் கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கு. மோட்டார் சைக்கிளில் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஏன் அப்பாவுக்குத் தெரியக்கூடாது? சட்டைப் பொத்தான் அறுந்தாலும் அவரிடம் சொல்லிவிட்டுத் தைக்கிறவள் நீ. உங்களுக்குள் சண்டையா? அவர் ஏதாவது சொன்னாரா? நான் வரட்டுமா?

வாலு
(நீ கூப்பிடுவதால் மட்டும்)

*

பிப்ரவரி 17

வாலுவுக்கு,

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் எதிர்க்கேள்வி கேட்பது உன் அப்பா வம்சத்துப் பழக்கம். இருக்கட்டும்.

நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். பழகுநர் உரிமமும் வாங்கிவிட்டேன். துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். இந்த வீட்டில் இவ்வளவு துணி எதற்கு என்று அவர் இன்னும் கேட்கவில்லை. சொல்லித்தருகிறவன் உன் வயதுதான் இருப்பான். முதல் நாள் கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி துள்ளி, அவன் காலில் ஏறப் பார்த்தது. "மேடம், மெஷின் பெடல மிதிக்கிற மாதிரி மெதுவா விடுங்க" என்றான். அந்த மொழி எனக்குப் புரிந்தது. இப்போது பரவாயில்லை.

ஷோரூமுக்கும் போனேன். விற்கிற பையன் என் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினான். "சார் வரலியா மேடம்?" என்றான். சார் வரவில்லை, வண்டி மேடத்துக்குத்தான் என்றேன். உடனே ஒரு ரோஸ் கலர் ஸ்கூட்டரைக் காட்டினான். வேண்டாம் என்றதும் கோபித்துக்கொண்டவன் போல ஒரு பெரிய மோட்டார் சைக்கிளில் உட்காரச் சொன்னான். ஏறினால் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொடுகிறது. வண்டி சாய்ந்தது, இரண்டு பேர் ஓடி வந்து பிடித்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் இறங்கி வெளியே வந்த பிறகும் வேண்டாம் என்று தோன்றவில்லை. அதை நீ கவனிக்க வேண்டும்.

ஸ்கூட்டர் ஏன் வேண்டாம் என்றால், மெஷின் ரிப்பேருக்காக நாங்கள் ஆயத்த ஆடை யூனிட்டுகளுக்குப் போகிற ரோடு முழுக்க ஜல்லியும் குழியும். சின்னச் சக்கரம் குழிக்குள் இறங்கினால் ஏறாது. வேலையும் கூடிவிட்டது. முன்பெல்லாம் உன் அப்பா மெஷினில் ஊசிக்கும் கொக்கிக்கும் இடைவெளி வைப்பார், நான் எண்ணெய் விடுவேன். இப்போது அந்த இடைவெளி வைக்கிற வேலையும் எனக்கு வந்துவிட்டது.

சண்டை ஒன்றும் இல்லை. தேவையில்லாததைக் கேட்காமல், கேட்டதற்குப் பதில் எழுது.

அம்மா

*

பிப்ரவரி 24

அம்மா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வண்டிக்காக இல்லை, அந்தக் கொக்கி இடைவெளிக்காக.

அப்பா அந்த வேலையை உன்னிடம் கொடுத்தாரா? நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது பக்கத்தில் போய்த் தும்மினால்கூட அடிக்க வருவாரே. "இது தலைமுடி அளவு வேலை, யாரும் தொடாதீங்க" என்பாரே. அவராக விட்டுக்கொடுத்தார் என்றால் நான் நம்ப வேண்டுமா?

அப்புறம் போன் மெசேஜைச் சத்தமாக வாசிக்கிறது என்றாய். அதை யார் செட் பண்ணுவார்கள், எதற்குச் செட் பண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

போன தடவை நான் ஊருக்கு வந்தபோது சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தாண்டிப் போய், வேறு ஒரு பெண்ணின் பையை வாங்கிக்கொண்டு நடந்தார். அந்தப் பெண் கத்தினாள். நாம் மூன்று பேரும் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். நீயும் சிரித்தாய். அப்போது உனக்குத் தெரியுமா அம்மா?

அப்பாவுக்குக் கண்ணில் என்ன? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்.

உனக்கு ஒரு ஜாக்கெட் அனுப்பியிருக்கிறேன். முழங்கை, தோள், முதுகில் கெட்டியான பட்டை வைத்தது. போட்டு ஓட்டு. ஹெல்மெட்டுக்கு அளவு வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டையைச் சுற்றி டேப்பை வைத்து அளந்து எழுது. யாரோ போட்ட பழைய ஹெல்மெட்டை மட்டும் வாங்கிவிடாதே. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே நுரை ஏற்கனவே நசுங்கியிருக்கும். அது ஒரு முறைதான் காப்பாற்றும்.

பதில் உண்மையாக இருந்தால்தான் ஹெல்மெட் வரும்.

வாலு

*

மார்ச் 4

வாலுவுக்கு,

டேப் அளவைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். உண்மையை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தைரியம் போய்விடும்.

உன் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் நரம்பு கெட்டுப்போயிருக்கிறது. நேராகப் பார்ப்பது ஓரளவுக்குத் தெரியும். பக்கவாட்டில் தெரியாது. வெளிச்சம் குறைந்தால் நேராகவும் தெரியாது. போன பார்வை போனதுதான், சொட்டு மருந்து விட்டால் இருப்பது மிஞ்சும், வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்குள் உன் அப்பா அதை "ராத்திரில ஓட்ட வேண்டாமாம்" என்று மாற்றிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். இப்போது அதை மீறுகிறேன், உனக்குக் காய்ச்சல் வந்தால் என்னைத் திட்டு.

பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தேன்.

இன்னும் மோசமானது இருக்கிறது. அவர் இன்னும் வண்டி ஓட்டுகிறார். எப்படி என்று கேட்பாய். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். வாயால் சொன்னால் அவருக்கு ரோஷம் வருகிறது, அதனால் தோளில் தட்டுகிறேன். இந்தப் பக்கம் ஆள் வந்தால் ஒரு தட்டு, நிறுத்த வேண்டும் என்றால் அழுத்தம். நாங்கள் இதைப் பற்றிப் பேசி முடிவு செய்ததே இல்லை. தானாகவே பழகிவிட்டது. நல்ல பொருத்தம் என்றுகூட நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது.

ஜனவரிக் கடைசியில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்ட நேரம். ஒரு சின்னப் பெண் ரோட்டைக் கடந்தாள். அவள் பையில் வண்டி உரசி, பை பறந்து போய் விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள், அழக்கூட இல்லை. உன் அப்பா "பாத்து வரக்கூடாதா பாப்பா" என்றார். அவர் அவளைப் பார்க்கவே இல்லை வாலு. நானும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இறங்குங்கள் என்று அவரிடம் சொல்லலாம். சொன்னால் "அப்ப யாரு ஓட்டுவா, யூனிட்டுக்கு எப்படிப் போறது, பட்டறைய மூடிடலாமா" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அதற்குத்தான் வண்டி. ஸ்கூட்டர் வேண்டாம் என்றதுகூட ஜல்லி ரோட்டுக்காக மட்டும் இல்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்காருங்கள் என்றால் ஜென்மத்துக்கும் உட்கார மாட்டார். மோட்டார் சைக்கிள் என்றால் ஒருவேளை உட்காருவார். அந்த ஒருவேளையை நம்பித்தான் இத்தனையும்.

ஜாக்கெட் வந்தது. கை தொளதொளவென்று இருந்தது, பிடித்துத் தைத்துவிட்டேன். இப்போது அழகாக இருக்கிறது.

தலைச் சுற்றளவு ஐம்பத்தாறு சென்டிமீட்டர்.

அம்மா

*

மார்ச் 10

அம்மா,

முதலில் ஜாக்கெட். நீ அழகு பார்த்துப் பிடித்துத் தைத்ததில் முழங்கைப் பட்டை முழங்கையில் இருக்கிறதா என்று பார்த்தாயா? கையை மடக்கிப் பார். மேலே ஏறியிருக்கும். விழும்போது எலும்பு ஒரு இடத்தில் மோதும், பட்டை வேறு இடத்தில் வேடிக்கை பார்க்கும். தையல் மெஷின் மெக்கானிக் வீட்டுக்கு ஜாக்கெட் அனுப்பியது என் தப்பு. பிரித்துவிட்டுப் பழையபடி தை. சட்டைக்குப் போடுகிற ஒற்றைத் தையல் போடாதே, தார் ரோட்டில் உரசினால் முதலில் வாய் பிளப்பது தையல்தான்.

இப்போது அப்பா.

நீ உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ தட்டாவிட்டால் அவர் எப்போதோ வண்டியை நிறுத்தியிருப்பார். உன்னால்தான் அவரால் ஓட்ட முடிகிறது. இதை நான் எழுதக்கூடாது, ஆனால் வேறு யார் எழுதுவார்கள்? அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால், என்னைப் போல ஒருத்தி வந்து வண்டியைப் போட்டோ எடுத்திருப்பாள். அறிக்கையில் அப்பா பெயரை எழுதியிருப்பாள். பின்னால் உட்கார்ந்திருந்த உன் பெயரையும் எழுதியிருப்பாள்.

இன்றிலிருந்து அவர் பின்னால் ஏறாதே. அவ்வளவுதான். நீ ஏறாவிட்டால் அவரால் எடுக்க முடியாது. அதையும் மீறி ஓட்டினால் நான் லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதுவேன். என் அப்பாவைப் பற்றி நானே எழுதிக்கொடுப்பேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

ஹெல்மெட் அனுப்பிவிட்டேன். போட்டதும் கன்னம் இரண்டும் அமுங்க வேண்டும், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருக்க வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. வாரில் இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக்கூடாது. இறுக்கமாக இருக்கிறது என்று உள்ளே இருக்கும் பஞ்சைப் பிரித்து வெட்டிவிடாதே, உன்னை நம்ப முடியாது. கையுறையும் கணுக்கால் மூடுகிற ஷூவும் உன் ஊரிலேயே போட்டுப் பார்த்து வாங்கு.

வண்டி: உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். படுத்துவிட்டால் நீ ஒருத்தியாகத் தூக்கி நிறுத்துகிற எடை இருக்க வேண்டும். திடீரென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக் இருக்க வேண்டும். என்ஜின் சின்னதாகவே இருக்கட்டும். நிறம் எதுவானாலும் எனக்கு ஒன்றுதான்.

வாலு

*

மார்ச் 19

வாலுவுக்கு,

நீ எழுதிவிட்டாய், உனக்கென்ன. பத்து மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஏறாதே என்று எழுதுவது சுலபம். இங்கே அவர் தினமும் காலையில் வண்டியைத் துடைத்து, ஸ்டார்ட் பண்ணி, என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லிப் பார். பகலில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். திட்டிக்கொள்.

உன் பெயரையும் எழுதியிருப்பாள் என்ற வரியை நீ எழுதியிருக்க வேண்டாம். ஆனால் அது பொய் இல்லை.

லைசென்ஸ் டெஸ்டில் நான் ஃபெயில். எட்டு ஒழுங்காகத்தான் போட்டேன். ரோட்டில் திரும்பச் சொன்னபோது அதிகாரி நிறுத்திவிட்டார். "ஏம்மா, வலது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே உங்களுக்குத் தெரியாதா? ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கலியே" என்றார். டிரைவிங் ஸ்கூல் பையனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான், நான் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து உன் அப்பா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தே போயிருக்கிறேன். இரண்டு காலும் இடது பக்கம், முகமும் இடது பக்கம். வலது பக்கம் முழுக்க அவர் முதுகு. அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று நான் பார்த்ததே கிடையாது, அது அவர் பார்த்துக்கொள்கிற பக்கம். அந்தப் பள்ளிக்கூடப் பெண் வந்தது வலது பக்கத்திலிருந்து.

அப்படியென்றால் இத்தனை நாளும் பாதி ரோட்டைப் பார்க்க ஆளே இல்லாமல்தான் ஓட்டியிருக்கிறோம்.

ஜாக்கெட்டைப் பிரித்து நைலான் நூலில் மூன்று வரிசை தைத்துவிட்டேன். பட்டை முழங்கைக்கு வந்துவிட்டது. நீ சொன்னது சரிதான், மேலே ஏறித்தான் இருந்தது.

ஹெல்மெட் பார்சல்தான் வினையாகிவிட்டது. நூல் கடை அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, கொண்டுவந்தவன் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் டிரைவிங் ஸ்கூலிலிருந்து வந்து பார்த்தால் உன் அப்பா அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் நிற்கிறார். காது சிவந்துவிட்டது. பிடித்து இழுத்துக் கழற்றினேன். "பொண்ணு அனுப்பியிருக்கா பாரு, அளவு தெரியாம சின்னதா அனுப்பிட்டா" என்றார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். பொய் சொல்லியிருக்கலாம், நாக்கு வரவில்லை.

"அது உங்களுக்கு இல்லைங்க. எனக்கு."

"உனக்கு எதுக்கு? பின்னாடி உட்கார்றவளுக்கு மூஞ்சியெல்லாம் மூடற ஹெல்மெட்டா?"

"முன்னாடி உட்காரத்தான்."

அவர் ஹெல்மெட்டைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு வை, தண்ணீர் கொடு, அவ்வளவுதான். கத்தினால்கூடப் பதில் கத்தலாம், இது தாங்கவில்லை.

இன்று காலை மட்டும் ஒன்று சொன்னார். "நாளைக்குச் சாயங்காலம் பெரிய யூனிட்ல வேலை. முடிய இருட்டிடும். நம்ம வண்டிலதான் போறோம்." நம்ம என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னார்.

ஏறுவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா

*

மார்ச் 23

அம்மா,

உன் கடிதம் இன்று வந்தது. நீ நாளைக்கு என்று எழுதிய நாள் எப்போதோ போய்விட்டது. என்ன ஆயிற்று?

போன் பண்ணினேன். அப்பா எடுத்தார். அம்மா எங்கே என்றால் "குளிக்கிறா" என்றார். மறுபடி பண்ணினேன், "கடைக்குப் போயிருக்கா" என்றார். ஸ்பீக்கரில் போடவில்லை. அப்பா ஸ்பீக்கரில் போடாமல் என்னோடு பேசியது இதுதான் முதல் தடவை. குரல் சரியில்லை. அடிபட்டிருக்கிறதா? யாருக்கு? யாரையாவது இடித்துவிட்டாரா?

நூல் கடை அக்கா எண்ணைத் தேடிப் பிடித்தேன், எடுக்கவில்லை.

லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதிவிட்டேன். கவரில் போட்டு ஒட்டி, பையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை தபால் பெட்டி வரை போய்த் திரும்பிவிட்டேன். போட்டுவிட்டால் அப்பா பட்டறை என்ன ஆகும், அப்பா என்ன ஆவார் என்று தெரியவில்லை. போடாவிட்டால் எவளோ ஒரு சின்னப் பெண் என்ன ஆவாள் என்று தெரியவில்லை. என் வேலையில் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் நான் போவேன். முன்கூட்டியே ஒன்று தெரிந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் தகவல் இல்லையென்றால் தபாலில் போட்டுவிட்டு நேரே கிளம்பி வருவேன். ஒரு வரி எழுது. உயிரோடு இருக்கிறேன் என்று எழுது.

வாலு

*

மார்ச் 28

என் வாலுவுக்கு,

நூல் கடை அக்கா போனிலிருந்து நான் பேசிய அந்த அரை நிமிடம் உனக்குப் போதாது என்று தெரியும். கடையில் ஆள் நின்றதால் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இப்போது முழுசாக எழுதுகிறேன்.

அன்றைக்குப் பெரிய யூனிட்டில் வேலை முடியும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். கேட் வாசலில் உன் அப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். ஷிஃப்ட் முடிந்து பெண்கள் கும்பலாக வெளியே வருகிறார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"ஏறு."

"ஏற மாட்டேன். நீங்க இறங்குங்க."

"வெளையாடறியா? ஊரே பாக்குது, ஏறு."

"பாக்கட்டும். அந்தப் பொண்ணு பை பறந்தப்பவும் ஊரு பாத்துச்சு."

வாலு, நான் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. அவர் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. நான் ஏறவே மாட்டேன் என்று தெரிந்ததும் சட்டென்று கிளட்சை விட்டுக் கிளம்பிவிட்டார், தனியாக. நீ எழுதினாயே, நீ ஏறாவிட்டால் அவரால் எடுக்க முடியாது என்று. எடுத்துவிட்டார். அந்த நிமிடம் உன்னையும் சபித்தேன், என்னையும் சபித்தேன். ஷிஃப்ட் முடிந்த பெண்கள் எல்லாம் அந்த ரோட்டோரமாகத்தான் நடந்து போகிறார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். வளைவுக்கு அப்பால் ஒரு லாரியின் ஹார்ன் நீளமாகக் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. அந்த வளைவு வரைக்கும் நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. எதைப் பார்க்கப் போகிறோமோ என்ற நினைப்பு மட்டும்தான்.

வளைவு திரும்பினால் வண்டி நிற்கிறது. யூனிட் மதில் சுவரை ஒட்டி, விளக்கு வெளிச்சம் சுவரில் அடிக்க, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். லாரிக்காரன் ஏசிவிட்டுப் போய்விட்டான். நடந்து போகிற பெண்கள் விலகிப் போகிறார்கள். நான் பக்கத்தில் போனதும் யாரென்று தெரியாமல் "யாரு?" என்றார். நான்தான் என்றேன்.

"ரோடு எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தன் கண்ணைப் பற்றி இத்தனை நாளில் அவராக ஒப்புக்கொண்ட ஒரே வாக்கியம். நான் சாவியைத் திருப்பி அணைத்தேன். இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் யூனிட் வாட்ச்மேனிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். அவருடைய வண்டியில் எனக்குக் கால் எட்டாது, இருட்டில் லைசென்ஸும் இல்லாமல் அதை எடுக்கிற பைத்தியக்காரி நான் இல்லை.

பஸ்ஸில் பாதி வழி போனதும் மெதுவாகக் கேட்டார். "எப்போலருந்து கத்துக்கறே?"

"ஒரு மாசமா."

"கிளட்ச் விட வருதா?"

"வருது."

"வண்டி ஆஃப் ஆகுதா?"

"நடுவுல நடுவுல ஆகுது."

"அது போகப் போகச் சரியாயிடும்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ போன் பண்ணிய அன்று நான் குளிக்கவும் இல்லை, கடைக்கும் போகவில்லை. காலையும் மாலையும் டிரைவிங் ஸ்கூலில் இருந்தேன். உன்னிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது டெஸ்டில் பாஸ் பண்ணிவிட்டேன். அதிகாரி போதும் போதும் என்கிற அளவுக்கு வலது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கழுத்து இன்னும் வலிக்கிறது.

நேற்று ஷோரூமுக்குப் போனோம். இந்த முறை சார் வந்தார். நான் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டுதான் போனேன், போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தானே தெரியும். முதல் தடவையாகப் பேண்ட் போட்டேன். "விண்வெளிக்குப் போறியா" என்று உன் அப்பா கேட்டார். அவர் கேலி பேசி எவ்வளவு நாள் ஆயிற்று.

நீ எழுதியபடியே ஒரு சின்ன என்ஜின் வண்டி, தாழ்ந்த சீட், ஏ.பி.எஸ். உள்ளது. விற்கிற பையன் என்னை விட்டுவிட்டு அவரிடமே பேசினான். மைலேஜ் சொன்னான், பிக்கப் சொன்னான். அவர் பதில் சொல்லாமல் வண்டியைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டேங்க், சீட், பின்னால் பிடித்துக்கொள்கிற கம்பி, கால் வைக்கிற கட்டை. ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டால் மறுபடி ஆசை வந்துவிடுமோ, மனசு மாறிவிடுமோ என்று பயம்.

"உட்கார்ந்து பாருங்க சார்" என்றான் பையன்.

அவர் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார், பின் சீட்டில். முன் சீட் காலியாக இருந்தது.

பையன் குழம்பிப்போய், "சார், முன்னாடி உட்காருங்க சார்" என்றான்.

"முன்னாடி உட்கார ஆள் இருக்கு தம்பி. எனக்கு இந்த இடம் தோதா இருக்கான்னு பாக்கறேன்" என்றார். என் பக்கம் கையை நீட்டினார். "வந்து உட்காரு. ரெண்டு பேர் பாரத்துல உனக்குக் கால் ஊனுதான்னு பாக்கணும்."

ஏறி உட்கார்ந்தேன். வண்டி இரண்டு பேர் பாரத்தில் கொஞ்சம் அமுங்கியது. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தது. கால் ஊன்றுகிறதா என்று அவர் மறுபடி கேட்டார். தலையை ஆட்டினேன். ஹெல்மெட்டுக்குள் அழுவது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அவர் காது இப்போது கூர்மையாகிவிட்டது.

"கண்ணத் தொடச்சுக்கோ" என்றார். "வண்டி ஓட்டறவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியணும்."

அம்மா